அக்கா ஏறினால் உரசும் கார்

அத்தியாயம் 14

மூன்று சிப்பம் அரிசியை ஏற்றியும் கார் உரசவில்லை.

பவானிக்கு இதுதான் புரியவில்லை. சிப்பம் ஒன்று இருபத்தைந்து கிலோ. மூன்றும் சேர்ந்தால் எழுபத்தைந்து. அவளுடைய நாத்தனார் மாரியம்மாளின் எடையும் ஏறக்குறைய அதுதான். மாரியம்மாள் வழக்கமாக உட்காருகிற பின்சீட்டின் இடது ஓரத்தில் சிப்பங்களை அடுக்கி, சரியாமல் இருக்கப் பழைய சேலையால் கட்டி, விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பி வண்டிப்பாளையம் வரை போய்த் திரும்பியாயிற்று. வழியில் ஏழு வேகத்தடை. ஒவ்வொன்றிலும் கார் தொப்பென்று இறங்கியது. ஆனால் 'கர்ர்ரக்' என்ற அந்தச் சத்தம் மட்டும் வரவில்லை.

"பாத்தீங்களா? அண்ணி வெயிட்டுதான் காரணம்னா இப்ப உரசியிருக்கணும் இல்ல?" என்றாள் பவானி.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கார்த்திகேசன் அசரவில்லை. "அரிசி அசையாம உக்காந்திருக்கு. அக்கா அப்பிடியா? ஜன்னல் பக்கம் திரும்பும், உன் பக்கம் திரும்பும், குனிஞ்சு பையில எதையாவது தேடும்."

"அப்ப குனிஞ்சு தேடுற அரிசி எந்தக் கடையில கிடைக்கும்னு சொல்லுங்க. வாங்கிட்டு வரேன்."

"காலையிலயே ஆரம்பிக்காத பவானி."

"ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சது நீங்க."

அது உண்மைதான். போன ஞாயிற்றுக்கிழமை, கார்த்திகேசனின் தம்பி இளவரசுக்குப் பேசி முடித்த பெண் இளமதியின் வீட்டுக்குச் சிதம்பரம் போனார்கள். வழியில் புவனகிரியில் அக்கா மாரியம்மாளை ஏற்றிக்கொண்டார்கள். அக்கா வீட்டுத் தெருமுனையில் ஒரு 'கர்ர்ரக்'. பெண் வீட்டு வாசலில் காரை ஓரங்கட்டும்போது இன்னொரு 'கர்ர்ரக்'. வாசலில் பெண்ணின் அப்பா சுப்பராயலு, சித்தப்பா சபாபதி என்று பத்துப் பேர் நின்றிருந்தார்கள்.

"என்னா தம்பி, வண்டி அழுவுது?" என்றார் சபாபதி.

"அக்கா ஏறினாலே இப்பிடித்தாங்க. பாவம், சின்ன வண்டி, தாங்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டான் கார்த்திகேசன்.

பத்துப் பேரும் சிரித்தார்கள். மாரியம்மாள் இலையில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்தாள். திரும்பும்போது காரில் ஏறவில்லை. பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாள்.

நாலு நாளாக அவள் போன் எடுக்கவில்லை. ஒரே ஒரு தடவை, பவானியிடம் மட்டும் சொன்னாள்: "என்னாலதான் கார் கெட்டுப்போச்சுன்னு அத்தினி பேரு முன்னாடி சொன்னான் இல்ல? அது பொய்னு அதே ஆளுங்க முன்னாடி சொல்லட்டும். அதுவரைக்கும் எந்த விசேஷத்துக்கும் நான் வர்றதா இல்ல."

இன்று வியாழக்கிழமை. சிதம்பரத்தில் இளமதிக்குப் பூ வைக்கிற நாள். பத்தே முக்காலுக்கு நல்ல நேரம். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள்தான் பெண்ணின் தலையில் முதல் பூவை வைக்க வேண்டும். அவள் கை படாமல் மற்றவர்கள் வைப்பது இந்த வீடுகளில் வழக்கமில்லை. அதோடு, இளவரசுக்கு ஒன்பது வயதில் அம்மா போனதிலிருந்து அவனை வளர்த்தவள் மாரியம்மாள்தான். அக்கா வராவிட்டால் தானும் வரமாட்டேன் என்று அவன் நேற்று ராத்திரியே சொல்லிவிட்டான்.

ஆறே முக்காலுக்குச் சுப்பராயலுவின் போன் வந்தது.

"ஏம்மா, நாத்தனார் அம்மா வந்துருவாங்க இல்ல? இங்க பொம்பளைங்க கேக்கறாங்க."

"வந்துருவாங்க மாமா" என்றாள் பவானி. சொல்லிவிட்டுக் கணவனைப் பார்த்தாள். அவன் அரிசிச் சிப்பத்தை இறக்கிக்கொண்டிருந்தான்.

"இப்பவாச்சும் சொல்லுங்க, நான் பேசுனது தப்புன்னு. ஒரு போன் போட்டா முடிஞ்சுது."

"தப்பு இல்லாதத தப்புன்னு எப்பிடிச் சொல்றது?" கார்த்திகேசன் விரல் விட்டு எண்ணினான். "புது வீல் மாட்டி ஒரு மாசம் ஆச்சு. அக்கா இல்லாம ரெண்டு தடவை காரை எடுத்தோம். பண்ருட்டி ஒரு தடவை, குறிஞ்சிப்பாடி ஒரு தடவை. உரசுச்சா? இல்ல. அக்காவோட ரெண்டு தடவை சிதம்பரம் போனோம். ரெண்டு தடவையும் உரசுச்சு. நான் என்னா கற்பனையா சொல்றேன்?"

கேட்டால் சரியான கணக்கு மாதிரியே இருந்தது. பவானிக்கு எரிச்சலே அதில்தான்.

அவள் திருப்பாதிரிப்புலியூரில் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருப்பவள். பதினைந்து வருடத்தில் அவள் கற்றுக்கொண்ட பெரிய பாடம் ஒன்று உண்டு. 'முதுகுல இழுக்குதுக்கா' என்று ஜாக்கெட்டைக் கொண்டுவருவார்கள். முதுகைப் பிரித்துத் தைத்தால் மறுபடியும் இழுக்கும். உண்மையில் பிடிப்பது அக்குளாக இருக்கும். சுருக்கம் முதுகில் தெரியும், அவ்வளவுதான். பிடிக்கிற இடத்தைக் கண்டுபிடிக்க அவளிடம் ஒரு வழி உண்டு. சந்தேகப்படுகிற இடத்திலெல்லாம் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, போட்டுக்கொண்டு நடக்கச் சொல்வாள். எங்கே உராய்கிறதோ அங்கே சாக்பீஸ் எதிர்ப்பக்கம் ஒட்டிக்கொண்டு காட்டிக்கொடுக்கும்.

அண்ணி பின்னால் உட்கார்ந்ததால் எல்லோரும் பின்சக்கரம்தான் உரசுகிறது என்று நினைத்துக்கொண்டோமோ?

அவள் உள்ளே போய்த் தையல் சாக்பீஸ் டப்பாவை எடுத்துவந்தாள். முன்சக்கரம் இரண்டிலும் டயரின் ஓரம் முழுக்க மஞ்சளைத் தேய்த்தாள். பின்சக்கரம் இரண்டிலும் சிவப்பு.

"என்னா, ஆயுத பூசையா?" என்றான் கார்த்திகேசன்.

"வண்டிய எடுங்க. புவனகிரி போறோம்."

வழியில் தன் தம்பி ராஜ்கமலுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். அந்த அலாய் வீல்களைக் கொடுத்தவன் அவன்தான். புதுச்சேரியில் இருக்கிறான். தன்னுடைய காருக்குப் புதுசு வாங்கியபோது, கழற்றிய நான்கையும் டயரோடு இந்தக் காருக்கு மாட்டிவிட்டுப் போயிருந்தான். வேகத்தடையில் அடி தட்டாது, பார்க்கவும் ஜோராக இருக்கும் என்று சொன்னதும் கார்த்திகேசன் மயங்கிவிட்டான்.

"டேய், மாட்டும்போது இந்தக் காருக்கு என்ன சைஸுன்னு பாத்தியா?"

"அதெல்லாம் எதுக்குக்கா? அதுக்கும் நாலு நட்டு, இதுக்கும் நாலு நட்டு. கரெக்டா உக்காந்துச்சு."

"நட்டு உக்காந்தா போதுமாடா?"

"நிக்கவச்சுப் பாத்தோமே. எங்கயும் இடிக்கல. மாமாவே குனிஞ்சு பாத்தாரு. கேளு."

"ஆமா, பாத்தேன். சுத்தியும் விரல் போற அளவுக்கு இடம் இருந்துச்சு" என்றான் கார்த்திகேசன் பெருமையாக.

பவானி போனை வைத்தாள். நிற்க வைத்துப் பார்த்தார்களாம். ஆளை அசையாமல் நிற்க வைத்துப் பார்த்தால் எந்த ஜாக்கெட்டும் கச்சிதமாகத்தான் இருக்கும். கையைத் தூக்கச் சொல்லிப் பார்க்க வேண்டாமா?

காருக்குக் கையைத் தூக்குவது என்றால் என்ன என்று யோசித்தபடியே வந்தாள். பி.முட்லூரில் வலப்பக்கம் திரும்பிப் புவனகிரி சேர்ந்தபோது மணி எட்டு அடிக்கப் பத்து நிமிடம்.

அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் கார்த்திகேசன் இறங்கவில்லை. "நீ போய்ப் பேசு. எனக்கு முன் டயரு காத்தப் பாக்கணும்" என்றான்.

மாரியம்மாள் அடுப்படியில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். பழைய வாயில் புடவை. வீட்டுக்காரர் நெய்வேலியில் காலை ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தார். 'வா' என்று கூடச் சொல்லவில்லை.

"அண்ணி, இன்னும் கிளம்பலையா?"

"எங்க?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே. உங்க கையால பூ வச்சாத்தானே..."

"நீயே வை. நீயும் இந்த வீட்டுக்கு வந்தவதானே. லேசா வேற இருக்க. கார் தாங்கும்."

பவானி தண்ணீர் எடுக்கும் சாக்கில் ஃபிரிட்ஜைத் திறந்தாள். நடுத்தட்டில் ஈரத்துணி சுற்றிய பெரிய பொட்டலம். வாசனையே சொல்லிவிட்டது. நாலு முழத்துக்குக் குறையாத குண்டு மல்லி. அண்ணிக்கு வர வேண்டும் என்று ஆசை இருக்கிறது. வருவதற்கு வழிதான் இல்லை.

"அவர் பேசுனது தப்பு அண்ணி. நூறு தடவ சொல்லிட்டேன் அவர்கிட்ட."

மாரியம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். "அவன் சின்னதுலேர்ந்தே வாய்க்கொழுப்பு புடிச்சவன். அவன் சொன்னது கூட எனக்குப் பெருசா இல்ல பவானி. அத்தினி பேரும் சிரிச்சப்ப நீ தலையக் குனிஞ்சுக்கிட்டே பாரு. ஆமா, இது குண்டுதான்னு சொல்ற மாதிரி. அதுதான் எனக்குச் சோறு எறங்கல."

பவானிக்குச் சுருக்கென்றது. உண்மையில் அன்றைக்கு அவளும் அப்படித்தான் நினைத்தாள். வீல் தன் தம்பி கொடுத்தது. குற்றம் வீலில் இல்லாமல் அண்ணியின் எடையில் இருந்தால் நல்லது என்று மனசுக்குள் ஒரு ஓரம் ஆசைப்பட்டது. வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"அது தப்புதான் அண்ணி. நானும் அப்ப அப்பிடித்தான் நெனச்சேன். இப்ப நெனைக்கல. அஞ்சு நிமிஷம் வாங்க. தெருமுனை வரைக்கும். நீங்க கார்ல ஏறவே வேணாம். நின்னு மட்டும் பாருங்க."

நிஜமாகவே 'நானும்தான்' என்று ஒருத்தி சொன்னது மாரியம்மாளுக்கு ஏதோ செய்திருக்க வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அந்தத் தெரு அகலம் குறைவு. முனையில் மெயின் தெருவுக்குப் புதிதாக சிமென்ட் ரோடு போட்டு நாலு விரல்கடை உயர்த்திவிட்டார்கள். சின்னத் தெருவிலிருந்து வருகிற கார் ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுசாக ஒடித்தால்தான் திரும்ப முடியும். எதிரே மின்கம்பம். ஒடித்தபடியே இடது முன்சக்கரம் முதலில் அந்த நாலு விரல்கடை மேட்டில் ஏற வேண்டும்.

"நீங்க மட்டும் ஓட்டுங்க. வேற யாரும் ஏறல. நான், அண்ணி ரெண்டு பேரும் இங்க நிக்கறோம்" என்றாள் பவானி.

கார்த்திகேசன் மெதுவாக வந்தான். ஒடித்தான். சக்கரம் மேட்டில் ஏறியது.

கர்ர்ரக்.

"டேய் கார்த்தி, நான் இங்கதாண்டா நிக்கறேன்" என்றாள் மாரியம்மாள்.

கார்த்திகேசன் கண்ணாடிக்குள்ளிருந்து பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை என்பதை உறுதி செய்துகொள்வது போல.

பவானி புடவையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, போன் வெளிச்சத்தைச் சக்கரத்துக்கு மேலே அடித்தாள். பின்சக்கரக் குழிவில் சிவப்பு எங்கும் இல்லை. இடது முன்சக்கரத்துக்கு மேலே, பம்பரின் முனையை ஒட்டி இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் தட்டில், ஒரு சாண் நீளத்துக்குப் பளிச்சென்று மஞ்சள்.

"வாங்க, பாருங்க. உரசறது முன்சக்கரம். பின்னாடி உக்காந்தவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா சக்கரத்தோட முன்பக்கம் வெளிய நீட்டி இந்த மூலைக்கு வருது. அதே நேரத்துல மேட்டுல ஏறினா ஸ்பிரிங் அமுங்கி, சக்கரம் மேல போவுது. ரெண்டும் ஒண்ணா நடந்தாத்தான் தொடுது. ஒண்ணு மட்டும் நடந்தா தொடாது. பண்ருட்டியில எங்கயாவது இப்பிடி ஒடிச்சுக்கிட்டு மேட்டுல ஏறினீங்களா?"

"...இல்ல."

"வண்டிப்பாளையம் வேகத்தடையில?"

"அது நேராத்தானே ஏறுவோம்."

"சிதம்பரத்துல அவுங்க வீட்டு வாசல்ல சாக்கடை மேல சரிவா சிமென்ட் போட்டிருக்கு. அதுல ஒடிச்சு ஏத்தித்தான் நிறுத்துனீங்க. அங்கயும் இங்கயும் நாம போறது அண்ணி கூட வர்ற அன்னைக்கு மட்டும்தான். தெரு பண்ண வேலைக்கு அண்ணி மேல பழி போட்டீங்க."

கார்த்திகேசன் கீழுதட்டைக் கடித்தான். அப்படியும் விடவில்லை. "சரி, அக்கா இல்லாமயும் உரசுது. ஆனா அக்கா ஏறினா இன்னும் ஜாஸ்தியா உரசும் இல்ல?"

பவானி வாயைத் திறப்பதற்குள் மாரியம்மாள் கதவைத் திறந்துவிட்டாள். "இருடா. இப்ப நான் ஏறறேன். பாத்துடலாம்." பின்சீட்டில் இடது ஓரத்தில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பவானி தட்டைத் துடைத்துவிட்டு, டயரில் மறுபடி மஞ்சளைத் தேய்த்தாள். கார் பின்னால் போய், மறுபடி அதே இடத்தில் ஒடித்து ஏறியது. கர்ரக்.

இந்தத் தடவை மஞ்சள் கோடு அரைச் சாண்தான் இருந்தது.

"பின்னாடி வெயிட் ஏறினா முன்பக்கம் கொஞ்சம் தூக்கிக்கும்" என்றாள் பவானி, தனக்கே வியப்பாக. "இடைவெளி கூடுது."

"அப்ப நான் ஏறினதால கம்மியா உரசியிருக்கு?"

"ஆமா அண்ணி."

மாரியம்மாள் தம்பியைப் பார்த்தாள். அவன் எதிரே இருந்த மின்கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தான்.

"தப்புதான்க்கா" என்றான், நோட்டீஸைப் பார்த்தபடியே.

"என்கிட்ட சொல்லி என்னா? அங்க சொல்லு. அது இருக்கட்டும், இதே காரை அங்க கொண்டுபோய் அதே சரிவுல ஏத்துனா மறுபடி கர்ருங்கும். நானும் உள்ள உக்காந்திருப்பேன். அப்ப உன் பொண்டாட்டி சாக்பீஸ எவன் கேப்பான்? மறுபடி சிரிப்பாங்க."

அதுவும் சரிதான். மணி எட்டேகால்.

மெயின் ரோட்டில் தேவசகாயத்தின் டயர் கடை அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தது. வேகமாகப் பேசுகிற ஆள். சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தார். டிரைவர் கதவைத் திறந்து, விளிம்பில் ஒட்டியிருந்த டயர் அளவு ஸ்டிக்கரை ஒரு பார்வை பார்த்தார்.

"யாரு சார் இந்த சைஸ மாட்டுனது?"

"மச்சான்" என்றான் கார்த்திகேசன்.

"என் தம்பி" என்றாள் பவானி, தானே முன்வந்து.

"அந்த பிளாஸ்டிக் மூலைய கொஞ்சம் வெட்டி விட்டுடுங்களேன். வேலை முடிஞ்சுது" என்றான் கார்த்திகேசன்.

"வெட்டலாம். அடுத்த மழையில சேறு மொத்தமும் உள்ள இருக்கற ஒயர் மேல அடிக்கும். ஹாரன் போவும், லைட் போவும். அப்ப யார திட்டுவீங்க?"

"ஸ்பிரிங்குக்கு நடுவுல ரப்பர் வைப்பாங்களே, அது?"

"வச்சா வண்டி தூக்கும். மூலை அதே இடத்துலதான் இருக்கும். ஒடிச்சு ஒரு குழியில எறக்கினீங்கன்னா மறுபடி தொடும். நடுவுல முதுகு வலி வேற. சார், உடம்பு பெருசா இருக்குன்னு வாசப்படிய இடிக்க வேணாம். டயரு பெருசு. அத மாத்துவோம்."

பவானி தன் சாக்பீஸை நீட்டினாள். "எவ்வளோ பெருசுன்னு எழுதிக் காட்டுங்கண்ணே."

தேவசகாயத்துக்கு அது பிடித்துவிட்டது. கடையின் சிமென்ட் தரையிலேயே குந்தி எழுதினார். கம்பெனி கொடுத்த அளவு 145/80 R12. முதல் எண், டயரின் அகலம் நூற்று நாற்பத்தைந்து மில்லிமீட்டர். இரண்டாவது எண் மில்லிமீட்டர் இல்லை, சதவீதம். அகலத்தில் எண்பது சதவீதம் டயரின் பக்கச்சுவர் உயரம். அதாவது நூற்றுப் பதினாறு. மூன்றாவது எண், நடுவில் இருக்கும் ரிம்மின் குறுக்களவு, பன்னிரண்டு இஞ்ச்.

"ஒண்ணு மில்லி, ஒண்ணு சதவீதம், ஒண்ணு இஞ்ச். ஒரே வரியில மூணு விதமா எழுதினா மனுஷன் எப்பிடி..." என்று ஆரம்பித்தான் கார்த்திகேசன்.

"சும்மா இருங்க" என்றார்கள் இரண்டு பெண்களும்.

சக்கரத்தின் மொத்த உயரம் வேண்டுமென்றால், மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவில் ரிம். மூன்றையும் கூட்ட வேண்டும். பழையது ஐந்நூற்று முப்பத்தேழு மில்லிமீட்டர். இப்போது மாட்டியிருப்பது 165/70 R13. பவானியே போனில் தட்டினாள். நூற்று அறுபத்தைந்தில் எழுபது சதவீதம் நூற்றுப் பதினைந்தரை. இரண்டு சுவர், பதிமூன்று இஞ்ச் ரிம். ஐந்நூற்று அறுபத்தொன்று.

"இருபத்திநாலு மில்லி உயரம் ஜாஸ்தி. அகலமும் இருபது மில்லி ஜாஸ்தி. நேரா ஓடும்போது தெரியாது" என்றார் தேவசகாயம். "ஒடிக்கும்போதுதான் அந்த இருபது வெளிய நீட்டும். இன்னொண்ணு சார், சக்கரம் பெருசானா ஒரு சுத்துக்கு ஜாஸ்தி தூரம் போவும். மீட்டருக்கு அது தெரியாது. முள்ளு எண்பதுன்னு காட்டினப்ப நீங்க எண்பத்திமூணு, எண்பத்திநாலுல போயிருக்கீங்க."

"அதான் குறிஞ்சிப்பாடிக்கு சீக்கிரம் போயிட்டோம்னு பெருமையா சொன்னாரு" என்றாள் பவானி.

"ரிம்ம மாத்தணுமா?" கார்த்திகேசன் அலாய் வீலைத் தடவிக்கொண்டிருந்தான்.

"வேணாம். ரிம் இருக்கட்டும். ரிம் பெருசானா டயரோட சுவர் குட்டையாவணும். அவ்வளோதான் சூட்சுமம். 155/65 R13 என்கிட்ட நாலு இருக்கு. நீங்களே போட்டுப் பாருங்கம்மா."

பவானி தட்டினாள். நூற்று ஐம்பத்தைந்தில் அறுபத்தைந்து சதவீதம், இரண்டு மடங்கு, அதோடு ரிம். ஐந்நூற்று முப்பத்திரண்டு. பழைய உயரத்துக்கு ஐந்து மில்லிமீட்டர்தான் குறைவு. ஒரு தையல் விடுகிற அளவு கூட இல்லை.

"முன்னாடி ரெண்டு மட்டும் மாத்தினா போதாதா?"

"நாலும் ஒரே அளவா இருக்கணும் சார். முன்னாடி சின்னதும் பின்னாடி பெருசுமா ஓட்டினா வண்டி மூக்கு குத்திக்கிட்டு நிக்கும், மழையில பிரேக் புடிச்சா எந்தப் பக்கம் போவும்னு சொல்ல முடியாது. நாலும் மாத்தறேன். இதுங்கள வச்சுட்டுப் போங்க, பெரிய வண்டிக்காரன் எவனாவது வருவான்."

வேலை நடந்தபோது மாரியம்மாள் வீட்டுக்குப் போய் அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு, பூப்பொட்டலத்தோடு வந்து பெஞ்சில் பவானியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், மனசுலயே வச்சுக்க" என்றாள் தணிந்த குரலில். "இந்த நாலு நாள்ல அந்தப் பொண்ணு இளமதி எனக்கு ரெண்டு தடவ போன் பண்ணுச்சு."

"உங்களுக்கா? நீங்கதான் யார் போனும் எடுக்கலையே."

"அது போன எடுத்தேன். இளவரசுகிட்ட ஒண்ணு கேக்கணுமாம். நேரா கேக்கப் பயமா இருக்காம். நான் கேட்டுச் சொல்லணுமாம்."

"என்ன விஷயம் அண்ணி?"

மாரியம்மாள் கழற்றிப் போட்ட டயரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பூ வச்சு முடிக்கட்டும். பொறவு சொல்றேன். சின்ன விஷயம் இல்ல."

அதற்குமேல் கேட்க நேரமில்லை. பத்து மணிக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது நாலாவது சக்கரத்தில் கடைசி நட்டு இறுகியது. தேவசகாயம் இடது முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டையைப் போட்டு ஏற்றச் சொல்லி, முழுசாக ஒடிக்கச் சொன்னார். இடப்பக்கம். வலப்பக்கம். ஒரு சத்தமும் இல்லை.

வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் கார்த்திகேசன் ஆரம்பித்தான். "அக்கா, அங்க போயி எல்லார் முன்னாடியும் நின்னு சொல்றதுன்னா ஒரு மாதிரியா இருக்கும். சாப்பாட்டுக்கு அப்பறமா சுப்பராயலு மாமாவ மட்டும் தனியாக் கூப்புட்டு..."

"வண்டிய நிறுத்து. பஸ் வருது."

"சரி, சரி, சொல்றேன்."

பத்தரைக்கு இளமதி வீட்டுத் தெருவில் நுழைந்தார்கள். இளவரசு நண்பனோடு பைக்கில் முன்னமே வந்து, உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றிருந்தான். பக்கத்தில் சுப்பராயலு, வேட்டியை மடித்துக் கட்டிய சபாபதி, தட்டோடு பெண்கள், அதே பத்துப் பேருக்கு மேல் இன்னும் பத்துப் பேர்.

கார்த்திகேசன் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, சாக்கடை மேல் இருந்த சிமென்ட் சரிவில் இடது சக்கரத்தை ஏற்றினான். மாரியம்மாள் கைப்பிடியை இறுகப் பிடித்தாள்.

கார் ஏறி நின்றது. எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

"என்னா தம்பி, இன்னைக்கு அக்காவ பஸ்ல அனுப்பிட்டீங்களா? வண்டி அழுவலையே!" என்றார் சபாபதி.

சிரிப்பு எழுந்தது. மாரியம்மாள் பூப்பொட்டலத்தை மடியில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கதவில் கை வைக்கவில்லை. பவானியும் இறங்கவில்லை. இந்தத் தடவை தலையைக் குனியவும் இல்லை. நேராகக் கணவனையே பார்த்தாள். மணி பத்து நாற்பது.

கார்த்திகேசன் இறங்கினான். காரைச் சுற்றி வந்து, அக்கா பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஆபீஸில் சுற்றறிக்கை படிக்கிற குரலில் சத்தமாகச் சொன்னான்:

"எங்க அக்கா வண்டியிலதான் இருக்காங்க. அன்னைக்கு உரசுனதுக்கு அவுங்க காரணம் இல்ல. நான் சொன்னது தப்பு. இந்தக் காருக்குப் பொருந்தாத பெரிய டயர மாட்டியிருந்தேன். 165/70. அதக் கழட்டிட்டு, அதே ரிம்முல 155/65 நாலு சக்கரத்துக்கும் போட்டோம். இப்ப முழுசா ஒடிச்சாலும் உரசல, யாரு ஏறினாலும் உரசல."